காகிதத்தைக் கரையில் விட்ட கப்பல்கள்

1990-களில் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலில் புறப்படவிருந்த பயணியின் வீட்டுக்கு, பயண நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கூரியரில் ஒரு கனத்த உறை வந்து சேரும். உள்ளே காசோலைப் புத்தகத்தைப் போன்ற நீண்ட வடிவில் ஒரு சீட்டுப் புத்தகம் இருக்கும். கப்பலேறும்போது கிழித்துக் கொடுக்க வேண்டிய பயணச்சீட்டு, குடிவரவு அதிகாரியிடம் நிரப்பித் தர வேண்டிய படிவம், விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் பேருந்துக்கான சீட்டு, பெட்டிகளில் கட்டுவதற்கான வண்ண அட்டைகள், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சான ஒப்பந்த நிபந்தனைகள் ஆகிய யாவும் அதற்குள் அடங்கியிருக்கும். அந்த உறை கைக்கு வந்த நாளிலேயே விடுமுறை தொடங்கிவிட்டதாகக் கருதிய பயணியர் பலர்.

இப்போது அந்த உறை வருவதில்லை. 2000-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காகித ஆவணங்களைக் கைவிட்டு, மின்னஞ்சலுக்கும் இணையதளத்துக்கும், பின்னர் கைப்பேசிச் செயலிக்கும் மாறிவிட்டன. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ கப்பலேறும் நம் நாட்டுக் குடும்பத்தின் கையில், முழுத் தொகையையும் செலுத்திய பின்னரும், அச்சடித்த சீட்டு என்று எதுவும் இருப்பதில்லை. ஒரு முன்பதிவு எண்ணும், செயலியில் தோன்றும் ஒரு பார்கோடுமே அவர்களிடம் உள்ளவை. அந்நியச் செலாவணி பெறுவதற்காக வங்கிக் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றோர், 'பணம் முழுதும் கட்டியாகிவிட்டது. டிக்கெட் இன்னும் கைக்கு வரவில்லையே' என்று எங்களிடம் கேட்பதுண்டு. சீட்டு எங்கே போயிற்று, அதன் இடத்தில் என்ன வந்தது, பயணியின் பொறுப்பு எவ்வாறு மாறியது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டு மறைந்த வரலாறு

காகிதத்தைக் கைவிடும் பாதையை முதலில் வகுத்தவை விமான நிறுவனங்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, 2004-இல் காகிதச் சீட்டை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. காகிதச் சீட்டு ஒன்றைச் செயலாக்க ஏறத்தாழ 10 டாலர் செலவாகிறது, மின்சீட்டுக்கு 1 டாலரே போதும் என்று அது கணக்கிட்டுக் காட்டியது. முதலில் 2007-இன் இறுதி எனக் குறிக்கப்பட்ட கெடு சற்றே நீட்டிக்கப்பட்டு, 2008 ஜூன் 1 முதல் அச்சங்கத்தின் வழியே காகிதச் சீட்டு வழங்குவது நின்றது. நம் நாட்டு ரயில்வேயும் இதே காலத்தில்தான் மாறியது. ஐ.ஆர்.சி.டி.சி. 2002-இல் இணையத்தில் முன்பதிவைத் தொடங்கியபோது சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கூரியரும் தேவையற்றதாகி, நாமே அச்சிட்டுக்கொள்ளும் மின்சீட்டு வந்தது.

கப்பல் நிறுவனங்களுக்கும் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் ஒரு காரணமே. ஆயினும் அவற்றை மாற்றத்தை நோக்கி வலுவாகத் தள்ளியது அரசின் ஆணை என்பது நம் கருத்து. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவுக்குள் வரும் கப்பல்களும் அங்கிருந்து புறப்படும் கப்பல்களும் தத்தம் பயணியர் பட்டியலை மின்னணு வடிவில் முன்கூட்டியே அரசுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. நீண்ட பயணம் முடித்து வரும் கப்பல், துறைமுகத்தை அடைவதற்கு 96 மணி நேரம் முன்பாகவே பட்டியலைத் தர வேண்டும். புறப்படும் கப்பல், நங்கூரம் எடுப்பதற்கு 60 நிமிடம் முன்பாகத் தர வேண்டும். பெயர், பிறந்த நாள், குடியுரிமை, கடவுச்சீட்டு எண் எனப் பல விவரங்கள் அதில் இருக்க வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் கப்பலில், வரிசையில் நிற்கும் பயணியிடம் படிவத்தை வாங்கி எழுத்தர் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் கப்பல் உரிய நேரத்தில் புறப்பட இயலாது. எனவே, அந்த வேலையைப் பயணியே தம் வீட்டில் அமர்ந்து செய்துவிடும்படி நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. இன்று 'ஆன்லைன் செக்-இன்' என்று வழங்கப்படுவது இதுவே. பயணி இணையத்தில் விவரம் தந்த பிறகு, அவருக்குத் தனியே ஒரு சீட்டுப் புத்தகத்தை அச்சிட்டு அனுப்ப வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ், பயணியர் கப்பலில் இருப்போர் அனைவரையும் புறப்படுமுன் எண்ண வேண்டும் என்றும், தேடல் மீட்புப் பணிக்காக அவர்தம் பெயர் விவரங்களைக் கரையில் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் உயிரிழந்தபோது, கரையில் நின்ற மீட்புக் குழுவினருக்கு முதலில் தேவைப்பட்டது அந்தப் பட்டியல்தான். வீட்டில் இருந்தபடி நாம் செயலியில் இடும் பெயர் இறுதியில் இத்தகைய பட்டியலில் போய் அமர்கிறது என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் படிவத்தை ஏனோதானோவென்று நிரப்பத் தோன்றாது.

கைப்பொருளும் கணக்கேடும்

பழைய கப்பல் சீட்டு, கொடுத்துவிட வேண்டிய பொருள். ஏறும் வாயிலில் அதைக் கிழித்து வாங்கிக்கொள்வார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தில் டைட்டானிக் கப்பலின் முதல் வகுப்புச் சீட்டு ஒன்று காக்கப்படுகிறது. அதற்குரியவரான பாதிரியார், மனைவியின் உடல்நலக் குறைவால் பயணத்தைக் கைவிட்டார். அதனாலேயே அந்தச் சீட்டும் பிழைத்தது, அவரும் பிழைத்தார்.

மின்னணு முறையில் கொடுத்துவிட வேண்டிய பொருள் ஏதுமில்லை. பயண உரிமை நிறுவனத்தின் கணினியில் உள்ள ஒரு பதிவாக இருக்கிறது. நம் கைப்பேசியில் தோன்றும் பார்கோடு அந்தப் பதிவைத் தேடி எடுக்க உதவும் ஒரு குறிப்பு மாத்திரமே. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கணக்குப் புத்தகம் தொலைந்தால் பணம் தொலைந்துவிடுவதில்லை. பணம் இருப்பது வங்கியின் பேரேட்டில். 1996-இல் டெபாசிட்டரிச் சட்டம் வந்த பிறகு பங்குப் பத்திரங்களும் இவ்வாறே காகிதத்திலிருந்து பதிவுக்கு மாறின. வெள்ளத்தில் நனைந்த பத்திரங்களையும், செல்லரித்த பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மாற்றுப் பத்திரம் வேண்டி அலைந்த காலத்தை நம் மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எனவே துறைமுக வாயிலில் கைப்பேசி அணைந்துவிட்டால் பயணம் பறிபோய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூலக் கடவுச்சீட்டைக் காட்டினால் ஊழியர்கள் பெயரைக் கொண்டு பதிவைத் தேடி எடுத்துவிடுவார்கள். சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவே. அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. காகிதச் சீட்டில் பெயர் பிழையாக இருந்தால், உறை வந்த அன்றே கண்ணில் பட்டது. முகவரிடம் திருப்பிக் கொடுத்துத் திருத்திக்கொள்ள நாளும் இருந்தது. பதிவில் உள்ள பிழையோ, நாம் தேடிப் பார்த்தாலன்றித் தெரியாது. பெரும்பாலும் அது முதன்முதலாக வெளிப்படுவது, பெட்டிகளோடு நாம் நிற்கும் துறைமுக மேசையில்.

பெயர் என்னும் சிக்கல்

இந்தப் பிழைக்கு மிகுதியும் ஆளாவோர் தமிழர்கள் என்றால் மிகையாகாது. காரணம் நம் பெயர் வழக்கு. இரா. முருகேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'இரா' என்பது தந்தை இராமசாமியின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்று அவருக்கு எதுவும் இல்லை. அவருடைய வங்கிக் கணக்கில் 'ஆர். முருகேசன்' என்றும், பான் அட்டையில் 'ராமசாமி முருகேசன்' என்றும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக விடப்பட்டு 'முருகேசன்' என்றும் இருக்கக்கூடும். மேலைநாட்டுக் கப்பல் நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்ல விடாது. அவசரத்தில் அவர் ஓர் இடத்தில் 'ராமசாமி' என்றும், அவருடைய முகவர் வேறோர் இடத்தில் 'முருகேசன் முருகேசன்' என்றும் நிரப்பிவிட்டால், கணினியின் பார்வையில் அவர்கள் இருவேறு மனிதர்கள்.

இது கற்பனை அச்சமன்று. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, விமான நிறுவனங்கள் பயணியரைத் தடுத்து நிறுத்த நேர்ந்தது. தந்தையின் பெயர் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பிறகு வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயருடையோரின் முதற்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமான மூன்று எழுத்துகளை அச்சிட்டு விடுகிறார்கள். விசாவில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் மற்றொரு விதமாகவும் பெயரைச் சுமந்துகொண்டு கப்பலேறுகிறார் நம் பயணி.

பின்பற்றத்தக்க விதி ஒன்றே. கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தின் அடியில், இடையிடையே கூர்ங்குறிகளோடு ஆங்கில எழுத்துகளும் எண்களும் நெருக்கமாக அச்சிடப்பட்ட இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொரு வரியிலும் 44 குறிகள் இருக்கும். துறைமுகத்தில் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். முன்பதிவு, விசா, வருகை அட்டை, பயணக் காப்பீடு ஆகிய அனைத்திலும் பெயர் அவ்வரிகளோடு ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் கடவுச்சீட்டுப் பக்கத்தைக் கைப்பேசிக் கேமராவால் படித்துக்கொள்கின்றன. அந்த வசதியைப் பயன்படுத்துவது நன்று. படித்த பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்ப்பது அதனினும் நன்று. நம் கடவுச்சீட்டு எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. கையால் தட்டச்சு செய்யும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிடுவது மிக எளிதாக நேர்கிற பிழை. குடும்பத்தில் நால்வர் செல்கையில், நால்வருக்கும் ஒருவரே நிரப்பும்போது ஒருவர் எண் மற்றவர் கட்டத்தில் ஏறிவிடுவதும் உண்டு. ஒருவர் நிரப்பியதை வேறொருவர் சரிபார்ப்பதே நலம். வங்கியில் ஓர் அலுவலர் பதிந்ததை மற்றோர் அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் தரும் முறை வீட்டிலும் பயன்படும்.

பொடி எழுத்தும் ஒரு சொடுக்கும்

காகிதச் சீட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்த நிபந்தனைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதியர், உள்ளூர் முகவர் மூலம் கார்னிவல் நிறுவனத்தின் 'டிராப்பிகேல்' கப்பலில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்சிகோவுக்குச் செல்லும் பயணத்துக்குப் பணம் செலுத்தினர். சீட்டு அதன் பிறகே அவர்களுக்கு வந்தது. பயணத்தின்போது கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கையில் மனைவி தரைவிரிப்பில் வழுக்கி விழுந்து காயமுற்றார். சொந்த மாநிலத்தில் வழக்குத் தொடுத்தபோது, புளோரிடா மாநில நீதிமன்றங்களில் மட்டுமே வழக்காட முடியும் என்று சீட்டில் உள்ளதே என நிறுவனம் எடுத்துக்காட்டியது. நாட்டின் ஒரு மூலையில் இருப்பவர் மறுமூலைக்குச் சென்றுதான் நீதி கேட்க வேண்டும் என்பது இதன் பொருள். ஏழு நீதிபதிகள் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். மாறுபட்ட இருவருக்காக எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், 25 பத்திகளுள் எட்டாவதாக ஒளிந்திருந்த அந்த நிபந்தனை எவ்வளவு பொடியாக இருந்தது என்பதை யாவரும் காணட்டும் என்று, சீட்டின் நகலையே தம் தீர்ப்புரையோடு இணைத்தார்.

மின்னணு முறை வந்த பிறகு இந்நிலை பயணிக்கு ஒரு வகையில் சாதகமாகவும், மற்றொரு வகையில் பாதகமாகவும் மாறியுள்ளது. நிபந்தனைகளைப் பணம் செலுத்துமுன்னரே நிறுவனத்தின் இணையதளத்தில் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். ஷூட் தம்பதியருக்கு வாய்க்காத வசதி இது. அதே வேளையில், 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் நாம் இடும் சொடுக்கு, நாள், மணி, நிமிடத்தோடு பதிவாகிறது. 'சீட்டு பின்னால்தான் வந்தது, பார்க்கவில்லை' என்று சொல்லும் வாய்ப்பு இனி இல்லை. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

முழு ஒப்பந்தத்தையும் எவரும் படிக்கப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். வங்கிக் கடன் பத்திரத்தையே படிக்காமல் கையொப்பமிடுவோரை அன்றாடம் பார்க்கிறோம். இருந்தாலும், சில இடங்களையாவது தேடிப் படிப்பது தகும். பயணத்தை நீக்கினால் எந்த நாளுக்கு முன் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது முதலாவது. புறப்பாடு நெருங்க நெருங்க அத்தொகை குறைந்து, கடைசி வாரங்களில் ஒன்றும் கிடைக்காமற் போவது வழக்கம். வானிலை முதலிய காரணங்களால் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துச் செல்லும் உரிமையைப் பெரும்பாலும் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கப்பலின் மருத்துவரிடம் பெறும் சிகிச்சைக்குத் தனியே கட்டணம் உண்டு. ஆகவே நம் காப்பீடு கப்பலிலும் செல்லுபடியாகுமா என்று கேட்டறிய வேண்டும். காயமுற்றோர் எத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அமெரிக்கச் சட்டம் இதற்குக் குறைந்தது ஆறு மாதமும், வழக்குத் தொடுக்கக் குறைந்தது ஓராண்டும் தர வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் பொதுவாக அந்தக் குறைந்த அளவையே தருகின்றன.

இன்னும் காகிதமாகவே உள்ளவை

'எல்லாம் கைப்பேசியில் உள்ளது' என்று நம்பிப் புறப்படுவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கப்பல் நிறுவனம் காகிதத்தை விட்டுவிட்டதே தவிர, நாடுகள் விடவில்லை. வெளிநாட்டுத் துறைமுகம் எதனைத் தொடும் பயணத்துக்கும் மூலக் கடவுச்சீட்டு வேண்டும். அதன் படமோ நகலோ ஏற்கப்படாது. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. சென்னையிலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய உல்லாசக் கப்பல் பயணம் அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு நீண்டபோதும் இதே நிலைதான். உள்நாட்டுக்குள்ளேயே சுற்றி வரும் கப்பலுக்கு அரசின் ஒளிப்பட அடையாள அட்டை போதும். இலங்கைக் கரையைத் தொட்டால் கடவுச்சீட்டு வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மலேசியாவையும் தாய்லாந்தையும் தொட்டுத் திரும்பும் பயணத்தில், திரும்பி வரும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசா வைத்திருப்போருக்கு அங்கே சிக்கல்.

நாடுகளும் தம் வருகை அட்டைகளை மின்னணு வடிவுக்கு மாற்றி வருகின்றன. சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்டது. மலேசியா 2024 ஜனவரி முதலும், தாய்லாந்து 2025 மே முதலும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையைக் கட்டாயமாக்கின. மூன்றையும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் கட்டணமற்றவை. இந்தக் கடைசிச் சொல்லை வாடிக்கையாளர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். தேடுபொறியில் இந்த அட்டையின் பெயரை இட்டால், அரசின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக முதலில் வந்து நிற்கின்றன. அவை கட்டணம் என்று சொல்லி அட்டை விவரங்களையும், அவற்றோடு கடவுச்சீட்டின் படத்தையும் வாங்கிக்கொள்கின்றன. போன பணத்தைவிட, போன விவரங்களே பின்னாளில் அதிகத் தொல்லை தரக்கூடியவை. அரசின் தள முகவரியை அந்நாட்டுத் தூதரகத்தின் பக்கத்திலிருந்தோ, கப்பல் நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்தோ எடுத்துப் பயன்படுத்துவது பாதுகாப்பு. வருகை அட்டைக்கு எவரேனும் பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடலாம்.

கப்பலில் பணம்

கப்பலுக்குள் ரொக்கம் பெரும்பாலும் செல்லாது. ஏறியதும் தரப்படும் அட்டையே அறைச் சாவியாகவும், அடையாளச் சான்றாகவும், கடன் கணக்காகவும் பயன்படுகிறது. காபிக்கும் படத்துக்கும் சுற்றுலாவுக்கும் அதை நீட்டினால், தொகை கணக்கில் ஏறி, இறுதி நாளில் நாம் செக்-இன் செய்யும்போது பதிந்த வங்கி அட்டையிலிருந்து எடுக்கப்படும். எனவே செயலியில் அட்டை எண்ணை இடும்போதே நாம் பண ஒப்புதல் ஒன்றைத் தருகிறோம்.

இங்கே எங்கள் தொழில் சார்ந்த சில செய்திகள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கியின் செயலியில் இயக்கிவைக்க வேண்டும். உச்சவரம்பையும் அங்கேயே அமைத்துக்கொள்ளலாம். புறப்படும் நாளன்று துறைமுகத்தில் அட்டை மறுக்கப்படுவதற்கு இதுவே பொதுவான காரணம். அடுத்து, கப்பல் நிறுவனம் செலவுக்கு முன்னீடாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பது வழக்கம். கடன் அட்டையானால் வரம்பு மட்டும் குறையும். டெபிட் அட்டையானால் சேமிப்புக் கணக்கில் உள்ள சொந்தப் பணமே முடக்கப்பட்டு, பயணம் முடிந்து சில நாள் கழித்தே விடுபடும். அந்நியச் செலாவணி ஏற்றிய முன்செலுத்து அட்டைகளைச் சில நிறுவனங்கள் இந்த முன்னீட்டுக்கு ஏற்பதில்லை; முன்னரே கேட்டுத் தெளிவதே முறை. கணக்கை ரூபாயில் தீர்க்கவா, கப்பலின் நாணயத்திலேயே தீர்க்கவா என்று கேட்டால், கப்பலின் நாணயம் என்று சொல்வதே பெரும்பாலும் மலிவு.

ஓ.டி.பி. பற்றியும் சொல்ல வேண்டும். கப்பல் கரையைவிட்டு அகன்றதும் நம் கைப்பேசி, கப்பலிலுள்ள செயற்கைக்கோள் வழிக் கைப்பேசி வலையமைப்பைப் பற்றிக்கொள்ள முயலும். சாதாரண ரோமிங் தொகுப்புகளில் அது பெரும்பாலும் அடங்காது, கட்டணமும் கடுமையானது. விமானப் பயன்முறையில் வைத்துவிட்டால் குறுஞ்செய்தி வராது. குறுஞ்செய்தி வராவிட்டால் இணையப் பரிவர்த்தனையும் இல்லை. எனவே கட்டணம் செலுத்த வேண்டியவற்றைக் கரையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். முன்பதிவு உறுதிச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், விசா, வருகை அட்டை ஆகியவற்றை இணையம் இன்றியும் திறக்கும் வகையில் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்க வேண்டும். ஒரு படி அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்வதைப் பழமை என்று எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் செலுத்தும்போது, விற்பவர் வசூலிக்கும் டி.சி.எஸ். வரி தனிச் செலவு என்று பலர் கருதிவிடுகின்றனர். அது நம் பான் எண்ணின் பேரில் 26ஏ.எஸ். படிவத்தில் பதிவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம். முன்பதிவில் தரும் பான் எண்ணும் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் விவரம் யாரிடம்

காகிதப் படிவம் ஒரு கோப்பில் கிடந்தது. மின்னணு விவரமோ உலகின் எந்த மூலையிலிருந்தும் திருடப்படக்கூடியது. 2019-இல் கார்னிவல் நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்குகளுள் புகுந்தோர், ஏறத்தாழ 1,80,000 ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களை எட்டினர். கடவுச்சீட்டு எண்களும் அவற்றுள் இருந்தன. அமெரிக்காவின் 46 மாநிலங்கள் தொடர்ந்த நடவடிக்கை 2022-இல் 12.5 லட்சம் டாலர் தொகையில் முடிவுக்கு வந்தது. பயணியாகிய நாம் இதில் செய்யக்கூடியது குறைவே என்றாலும், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பயணம் முடிந்ததும் செயலியில் பதிந்த அட்டையை நீக்கிவிடலாம். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மீண்டும் அணைத்துவிடலாம். கடவுச்சீட்டின் படத்தை முகவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால், வேலை முடிந்த பின் அழித்துவிடுமாறு கேட்கலாம். அவ்வாறு கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

முதியோரைப் பற்றி நிறுவனங்கள் இன்னும் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். உல்லாசக் கப்பலில் செல்வோருள் பணி ஓய்வு பெற்றோர் கணிசமானோர். 2020-க்குப் பின், கப்பலேறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியின் ஒரு பகுதியைக்கூடச் செயலிக்கு மாற்றிய நிறுவனங்கள் உண்டு. விளக்கப் படத்தைக் கைப்பேசியிலோ அறையின் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குச் சென்று வருகையைப் பதிந்தால் போதும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குத் தொலைக்காட்சி என்ற அந்த இரண்டாவது வழி திறந்திருப்பது நல்ல ஏற்பாடு. முன்பதிவிலும் செக்-இன்னிலும் அவ்வாறான வழி எல்லா நிறுவனங்களிலும் தெளிவாக இல்லை. முகவர் மூலம் முன்பதிவு செய்யும் முதியோர், செக்-இன்னையும் முகவரே முடித்து அச்சுப்படி தர வேண்டும் என்று பணம் செலுத்துமுன்னரே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அச்சுப்படி கைக்கு வந்ததும் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் பிறந்த நாளையும் தாமே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பிரின்சஸ் நிறுவனம் 2017-இல் 'ஓஷன் மெடாலியன்' என்ற நாணயம் போன்ற வில்லையை அறிமுகப்படுத்தியது. அதை அணிந்தவர் அறையை நெருங்கியதும் கதவின் பூட்டு விடுபடும். பணம் செலுத்தவும் அதுவே போதும். ஆனால் பெட்டியில் கட்டும் அட்டையை மட்டும் பல நிறுவனங்கள் இன்னமும் காகிதமாகவே வைத்துள்ளன. அதைக் கூரியரில் அனுப்புவது நின்றுவிட்டது. மின்னஞ்சலில் வரும் பக்கத்தை நாமே அச்சிட்டு, கோடுகளில் மடித்து, பெட்டியின் கைப்பிடியில் சுற்றி, ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்தால் கிழிந்துவிடும் என்பதால் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் இடுவது நல்லது. அறை எண் அதில்தான் உள்ளது. அட்டை கிழிந்து விழுந்தால், பெட்டி மாலைவரை எந்தத் தளத்தில் நிற்கிறது என்று எந்தச் செயலியும் சொல்லாது.